ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை கேண்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த தம்பி கைப்பேசியை நீட்டினான். அமெரிக்காக்காரர் ஒருவர் கிளாக் 19-ஐ இடுப்பில் செருகி, சட்டையை இறக்கிவிட்டுக் காட்டுகிறார். "ரொம்பப் பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல. தினமும் வச்சுக்கலாம் அண்ணே. நம்ம ஊர்ல ஏன் கிடைக்க மாட்டேங்குது?"

கிடைத்த காலம் ஒன்று இருந்தது. ஜப்பானியரை எதிர்க்க பிரிட்டனின் ஃபோர்ஸ் 136 காட்டுக்குள் ஆயுதங்களை இறக்கியது. 1945 டிசம்பரில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்தவருக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். எல்லாம் திரும்பி வரவில்லை. நிறையக் காட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அதன்பின் உரிமமில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் தூக்கு. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை, கையில் இருந்தாலே போதும்.

எஸ். ஏ. கணபதி அப்படித்தான் செத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். அவசரகாலத்தை ஒட்டியே சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. 1949 மார்ச் 1-ஆம் தேதி ரவாங் பக்கம் அவரைப் பிடித்தபோது இருந்தவை ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. பிஸ்டலா ரிவால்வரா என்றால், இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். நம் மொழியில் ஒரே சொல் போதும் என்பது வசதி. போலீசிடம் ஒப்படைக்கத்தான் எடுத்துப் போனேன் என்றார் கணபதி. நம்பக்கூடியதா? எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அதை நிதானமாக விசாரிக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. நேரு அரசாங்கம் தலையிட்டுக் கேட்டும் பயனில்லை. மே 4, புடு சிறையில் தூக்கு. பிடித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 64 நாள்தான்.

சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழரும் 1948-இல் ஜொகூரில் இதே குற்றத்துக்குப் பிடிபட்டார். தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டில் விடுதலை, மறுவிசாரணையில் துப்பாக்கிக்கு மரண தண்டனை. துப்பாக்கி, தோட்டா இரண்டையும் சேர்த்துச் சொன்ன ஒரே வாக்குமூலத்தை வைத்துத்தான் அந்தத் தண்டனை. 1950-இல் லண்டன் பிரிவி கவுன்சில், விடுதலை என்றால் விடுதலைதான், அதைச் சும்மா தள்ளிவைக்க முடியாது என்று சொல்லி அவரைக் காப்பாற்றியது. காமன்வெல்த் நாடுகளின் வழக்கறிஞர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லி வாதாடுகிறார்கள். கணபதி வழக்குக்கு இப்படி ஒரு வருஷம் கிடைத்திருந்தால்?

பினாங்குக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு ரிவால்வர், ஐந்து தோட்டாவுக்காக 1976-இல் இங்கே பிடிபட்ட தே செங் போவின் தண்டனையை பிரிவி கவுன்சில் 1978 டிசம்பரில் ரத்து செய்தது. நாடாளுமன்றம் கூடிய பிறகு மாமன்னர் போட்ட அவசரகால விதிகள் செல்லாது என்பது காரணம். அடுத்த மாதமே நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது. அதற்கு முன், 1977-இல், ஒரு பிஸ்டல் வைத்திருந்ததற்காக 14 வயசுப் பையனுக்கு மரண தண்டனை விதித்ததும் பினாங்கில்தான். அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. "பதினாலு வயசா?" என்று கேட்டபடியே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.