பற்றிமாவும் பாத்திமாவும்: கொன்வென்டில் படித்த ஓர் ஆயிஷா



மகளை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எமதூரில் ஒரு வசனம் தவறாமல் காதில் விழும்: "கொன்வென்டுக்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடும்." இப்படிச் சொல்பவர்கள் ஆயிஷா ரவூப் அவர்களின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

1917இல் கேரளத்தின் தலச்சேரியில் ஒரு மாப்பிள்ளை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் ஆயிஷா. பெண்பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்ட காலம் அது. அவரது குடும்பம் அவரை அங்கிருந்த சேக்ரட் ஹார்ட் பெண்கள் பள்ளிக்கு அனுப்பியது. அதை நடத்தியவர்கள் அப்போஸ்தலிக்கக் கார்மேல் சபைக் கன்னியாஸ்திரிகள். பின்னர் சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். மலபார் முஸ்லிம் பெண்களில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

1940களில் திருமணமாகி இலங்கை வந்தார். சேர் ராசிக் பரீத் முன்னின்று 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரியைத் தொடங்கியபோது அதிபர் பொறுப்பு இவரிடம் வந்தது. சுமார் கால் நூற்றாண்டு அக்கல்லூரியை நடத்தினார். கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவாகி, பிரதி மேயராகவும் இருந்தார்.

சிஸ்டர்மாரிடம் படித்த ஆயிஷா, ஆயிஷாவாகவே வெளியே வந்தார். வந்தவர், முஸ்லிம் பெண்பிள்ளைகள் தயக்கமின்றி நுழையக்கூடிய ஒரு வாசலைத் திறந்து வைத்தார். மார்க்கம் போய்விடும் என்று அஞ்சிய இடத்திலிருந்துதான் எமது பிள்ளைகளுக்கு ஓர் அதிபர் கிடைத்தார்.

இது எப்படி முடிந்தது? தென்னிந்தியக் கொன்வென்டுகளில் ஒரு வழமை உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி படிக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு நடக்கும். பார்த்தால் சின்ன ஏற்பாடு. ஆனால் ஒரு பிள்ளைக்கு அது சொல்வது பெரிய சேதி: "நீ இங்கே படிக்கலாம், நீயாகவே இருக்கலாம்." சொந்தம் என்ற உணர்வு இந்த மாதிரி ஏற்பாடுகளால்தான் வருகிறது. எல்லாக் கொன்வென்டும் எல்லாக் காலமும் இப்படி நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. மதமாற்றம் பற்றிய பயத்துக்கு எமது மூத்தோரிடம் காரணம் இருந்தது. முஸ்லிம்களுக்கென்று தனிப் பாடசாலைகள் எழுந்ததற்கும் அதுவே ஒரு காரணம்.

அதே கார்மேல் கன்னியர் 1920களில் திருகோணமலைக்கு வந்து கிழக்கிலும் பள்ளிகளை நடத்தினார்கள். கல்முனையில் கார்மேல் பற்றிமா கல்லூரி இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. பற்றிமா என்பது போர்த்துக்கலில் மரியன்னை காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்பும் ஊரின் பெயர். அந்த ஊருக்கு அப்பெயர் அறபிகள் ஆண்ட காலத்து வழியில் வந்தது. நபிகளாரின் மகளின் பெயரைத்தான் எமது பக்கத்துப் பாடசாலையும் சுமக்கிறது. அவர்கள் பற்றிமா என்று எழுதுகிறார்கள், நாங்கள் பாத்திமா என்று எழுதுகிறோம்.

கல்முனையின் மற்றொரு பெயர்ப்பலகையையும் பாருங்கள்: மஹ்மூத் மகளிர் கல்லூரி. கலாநிதி பதியுதீன் மஹ்மூத் அவர்களின் பெயர் அது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கல்வி அமைச்சராக இருந்தவர் அவரே. அன்று கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் இருந்து போராடினார்கள். தமது பாட்டன், பூட்டன் கட்டிய இடம் கைவிட்டுப் போகிறதே என்ற வலி அவர்களுக்கு. எமக்கோ, கல்வியின் வாசல் அகலமாகத் திறந்தது என்ற நிம்மதி. ஒரே சட்டம், இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக நினைவிருக்கிறது. இரண்டையும் தெரிந்தவனே இந்த ஊரின் வரலாற்றைத் தெரிந்தவன்.

பிறகு யுத்தம் வந்தது. தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கு, முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கு என்பது வழமையாகிவிட்டது. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே மொழி பேசி, ஒரே பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்ததில்லை.

ஆகவே கேள்வி இப்போது எம் பக்கம் திரும்புகிறது. இன்று எமக்குச் சொந்தமாகப் பாடசாலைகள் இருக்கின்றன. அங்கே ஓர் இந்துப் பிள்ளையோ கிறிஸ்தவப் பிள்ளையோ வந்து சேர்ந்தால், அவளுடைய சமய பாடத்துக்கு ஆசிரியரை ஒழுங்குசெய்வோமா? அவளுடைய உடையை அவளிடமே விடுவோமா? எம்மிடம் படிப்பிக்க வரும் தமிழ் ஆசிரியை நோன்பு மாதத்தில் கூச்சமின்றி ஒரு வாய் தண்ணீர் குடிக்க ஓர் இடம் வைத்திருக்கிறோமா?

தலச்சேரியில் ஓர் ஆயிஷாவுக்கு இடம் கிடைத்ததால்தான் கொழும்பில் எமது பெண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி வளர்ந்தது. அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க எமது பாடசாலை வாசலை விடப் பொருத்தமான இடம் இல்லை.

உங்கள் உம்மாவோ, மூத்தம்மாவோ, சாச்சியோ சிஸ்டர்மாரிடம் படித்திருந்தால் அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இந்த வரலாறு அவர்களோடு போய்விடும்.