உழைச்செல்வான்: சேலம், நாமக்கல் சமவெளியில் புற்றுநோயாளர்க்குத் துணை அமைந்த வரலாறு

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த திருவள்ளுவர், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றனோடு உழைச்செல்வான் என ஒருவனையும் சேர்த்துரைத்தார். வடமொழிச் சரக சங்கிதையும் மருத்துவத்திற்கு நான்கு கால்கள் கூறி, அவற்றுள் ஒன்றாகப் பணிவிடையாளனை வைக்கும். உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். ஆதலின் உழைச்செல்வான் என்பான் மருந்தை அரைத்துக் கொடுக்கும் ஏவலாள் மட்டும் அல்லன். நோயாளியின் அருகு நீங்காது உடன்செல்பவனும் அவனே என்பது எம் கருத்து. நெடுங்காலம் தீராநோய் என்றே கருதப்பட்ட புற்றுநோயின் வரலாற்றில் இந்நான்காம் கூற்றினை, சேலம், நாமக்கல் சமவெளியைக் களமாகக் கொண்டு, ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நோயின் பெயரை நோக்குதல் வேண்டும். புற்று என்பது கறையான் எடுத்த மண்மேடு. உள்ளே அரித்துப் புறத்தே மேடாய் எழும் இயல்பு பற்றி நோய்க்கும் அப்பெயர் ஆயிற்று எனக் கொள்ளலாம். கிரேக்க மருத்துவர் இதனை நண்டு என்றனர். கட்டியைச் சூழ்ந்து பரந்த நாளங்கள் நண்டின் கால்களை ஒத்தன என்பர். அதன் இலத்தீன் வடிவமே ஆங்கிலத்தின் வழியாக நம்மூர்களில் கேன்சர் என வழங்குகின்றது. கொங்கு நாட்டிலோ மண்புற்று அஞ்சத்தக்கது மட்டும் அன்று, வழிபடத்தக்கதும் ஆகும். மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பால் வார்ப்பர். புற்றுமண்ணை நெற்றியில் இடுவாரும் உளர். அச்சொல்லை நோயின்மேல் ஏற்றிச் சொல்ல மக்கட்கு நா எழுவதில்லை போலும். கட்டி என்றும், ஆறாப்புண் என்றும், ‘அந்த நோய்’ என்றும் கூறிக் கடப்பர். கேன்சர் என்னும் பிறமொழிச் சொல்லைக்கூடத் தாழ்ந்த குரலிலேயே உரைப்பர். நன்னூலார் வகுத்த தகுதி வழக்கு மூன்றனுள் இதனை எதன்பாற் படுத்துவது? இடக்கரடக்கல் அன்று, குழூஉக்குறி அன்று, மங்கலம் என்னலாமோ எனின், மங்கலமாக மாற்றிக் கூறுதலும் இங்கு இல்லை, பெயரை ஒழித்தலே உள்ளது. அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென 1916இல் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் முயற்சியாற் சங்கம் ஒன்று தோன்றியது இச்சேலத்திலேதான். இந்நோய்க்கோ புதுச்சொல் வேண்டியிருந்ததில்லை. இருந்த சொல்லைச் சொல்லுவாரே அரியர் ஆயினர்.

பெயரை மறைத்தல் நம் நாட்டிற்கே உரிய குறை என எண்ணுதல் பொருந்தாது. அமெரிக்காவில் 1961இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வினவப்பட்ட மருத்துவருள் நூற்றுக்கு 90 பேர், நோயாளியிடம் புற்றுநோய் எனக் கூறாமையே தம் வழக்கம் என்றனர். 1979இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கூறுதலே வழக்கம் என்றோர் 97 பேர். பதினெட்டே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. நம் சமவெளியில் இன்றும் செய்தி பெரும்பாலும் மகனிடமோ உடன்பிறந்தாரிடமோ முதலிற் சொல்லப்படுகின்றது; நோயாளி அதனைக் கடைசியாகவே அறிகின்றார். மறைப்பவர் அன்பினாலேயே மறைக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தம் நோய் இன்னதென்று வீட்டார் அறிந்திருக்கத் தாம் மட்டும் அறியாதவர்போல் நடிக்க வேண்டிய நிலை நோயாளிக்கு வந்துவிடுகின்றது. அச்சத்தைச் சொல்ல ஆள் இல்லை. அந்நிலையில் உழைச்செல்வான் அருகிருந்தும் இல்லாதவனே ஆவான்.

இம்மறைப்பு தமிழ்நாட்டில் முதன்முதல் வலுவாக உடைக்கப்பட்டது ஒரு தமக்கையின் துயரால் ஆகும். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை 1923இல் இந்நோய்க்குப் பறிகொடுத்தார். தங்கையின் பிணி தொடக்கத்தில் வயிற்றுக்கடுப்பு எனப் பிழைபடக் கொள்ளப்பட்டது. மலக்குடற் புற்று எனத் தெளிந்தபோது காலம் கடந்திருந்தது. தீர்ப்பவர் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர், செய்வதற்கு ஒன்றும் இன்றி உழைச்செல்வாளாக மட்டும் நின்ற நிலை அது. அத்துயரை அம்மையார் தம்முள் அடக்கிக்கொள்ளவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிதி ஒன்று திரட்டலாயினார். சாகின்றவர்க்கு மருத்துவமனை எதற்கு என்னும் வினாவை ஆட்சியாளரிடமிருந்தே அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. 1952 அக்டோபர் திங்களில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு நிலையம் திறக்கப்பட்டது. அம்மையாரின் மைந்தர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அதனை நடத்தினார். 1955இல் வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்நிலையத்திற்கே தம் வாழ்வை அளித்தார். வரலாற்றாசிரியர் கட்டிடத்தையும் கருவிகளையும் எண்ணுவர். நிதி கேட்கச் செல்லும் மாதர் நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லியன்றிக் கேட்டல் இயலாது என்பதனை யாம் அவற்றினும் பெரிதாக மதிக்கின்றோம்.

இனி, சமவெளியின் நிலை. சேலத்திலிருந்து சென்னை இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 330 கிலோமீட்டர். இராசிபுரத்துத் தறிக்காரர்க்கும், நாமக்கல் லாரி ஓட்டுநர்க்கும், காவிரிக்கரை உழவர்க்கும் இத்தொலைவு நிலக்கணக்கு மட்டும் அன்று. உடன்செல்பவர் இழக்கும் கூலிக்கணக்கும் ஆகும். கதிர்மருத்துவம் ஒரு நாளில் முடிவதன்று. வாரக்கணக்கில் நாடோறும் தொடர்வது. ஆதலின் துணைக்குச் சென்றவர் தறியையும் வயலையும் விட்டுத் தலைநகரில் தங்க நேர்ந்தது. உடன்வருபவர் ஒருவர்க்கும் கட்டணச் சலுகை உண்டு என இருப்புப்பாதைத் துறை விதித்திருப்பது இங்குக் கருதத்தக்கது. வள்ளுவர் கூறிய நான்காம் கூற்றினை அரசாங்க விதியொன்று ஏற்றுக்கொண்ட இடம் அது. காட்பாடி வழியிலேயே வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உண்மையால் அங்கு இறங்கினோரும் உளர். சேலத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி 1986இல்தான் அமைந்தது.

பரமத்தி வேலூர், மோகனூர்ப் பகுதிகள் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பெயர்பெற்றவை. தாம்பூலம் தருதல் விருந்தோம்பலின் அடையாளம். திருமண உறுதிக்கும் அதுவே சான்று. நெய்யூர் மருத்துவமனையில் பணிபுரிந்த ஆர் என்பார், திருவாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோர்க்கு வாய்ப்புற்று வருதலைப் பற்றி 1933இலேயே எழுதினார். தீங்கு புகையிலையிலும் பாக்கிலும் உள்ளதென்பது பின்னர் உறுதிப்பட்டது. வாய்ப்புற்று முகத்திலேயே தெரிவது, மறைக்க இயலாதது. அந்நோயாளர் விருந்தினின்றும் திருமணத்தினின்றும் தாமே ஒதுங்கிக்கொள்ளுதல் இக்கொடுமையின் வேறொரு பக்கம்.

நோயின் பெயரைச் சிற்றூர்தோறும் கொண்டுசென்றது 1969ஆம் ஆண்டு. முதலமைச்சர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு 1968இல் நியூயார்க் நகரில் அறுவை மருத்துவம் பெற்றுத் திரும்பி, 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். வானொலியும் நாளிதழும் நோயின் பெயரை வெளிப்படச் சொல்லின. மறைக்கத்தக்க இழிவு இதில் இல்லை என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் அப்பெயர் மரணத்தோடு இறுகப் பிணைந்து வந்தமையின், அச்சம் குறையவில்லை. கூடியது என்றே கூறலாம்.

நோய் தீராவிடினும் நோவு தீர்த்தல் மருத்துவமே என்னும் கொள்கை பிற்காலத்தது. இலண்டனில் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய இல்லம் இதற்கு வழிகாட்டிற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய இயக்கம் அதனை வீட்டு வாயிலுக்கே கொணர்ந்தது. அண்டை அயலாரே பயிற்சி பெற்று நோயாளியை நாடிச் சென்றனர். நோவகற்றும் மார்பின் மருந்தைப் பெறுதற்கிருந்த சட்டத்தடைகள் 2014இல் தளர்த்தப்பட்டன.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிற்று. தருமபுரி 1965இல் பிரிவதற்கு முன் அப்பகுதி பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் பிரிந்தது 1997இல். மகளிர் தன்னுதவிக் குழுவினின்று தேர்ந்த பெண்கள் வீடுதோறும் சென்று மருந்து தருதலும், படுக்கையிற் கிடப்போர்க்கு நோவுதணிப்புப் பணி செய்தலும் அத்திட்டத்தின் கூறுகள். உழைச்செல்வான் என ஆண்பாலாற் கூறப்பட்ட பணி நம் ஊர்களிற் பெரும்பாலும் பெண்கள் கையிலேயே இருந்து வந்துள்ளது. அதற்கு ஊதியம் உண்டு என்றதே இதிற் புதுமை. எனினும் இத்துணை நோய் முற்றியோர்க்கே பெரிதும் பயன்படுவது. சோதனைத்தாளைக் கையில் வாங்கிய நாளில், பெயரைச் சொல்லலாமா வேண்டாவா எனத் தாழ்வாரத்தில் நின்று தயங்குகின்ற மகனுக்கும், உள்ளே காத்திருக்கும் தாய்க்கும் இடையே நின்று பேசுதற்கு ஒருவர் வேண்டும். அவ்விடத்தை இச்சமவெளியில் இன்றும் உறவினரே நிரப்புகின்றனர்.