1502 என்னும் எண்: தொடக்கவிலைச் சொகுசுச் செடானின் ஈர்ப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

பிஎம்டபிள்யூ 2002 பற்றி எழுதுகிறவர் எவரும் டேவிட் இ. டேவிஸைத் தாண்டிப் போக முடியாது. 1968 ஏப்ரலில் 'கார் அண்ட் டிரைவர்' இதழில் அவர் எழுதிய மதிப்புரை, ஒரு காரைப் பற்றிய கருத்து என்ற அளவில் நிற்காமல், ஒரு வகைக் காரைப் பார்க்கும் முறையையே வகுத்துக் கொடுத்தது. சொகுசுக் கார் நிறுவனமொன்றின் கீழ்ப்படியில் நிற்கும் சிறிய, வேகமான செடான் ஏன் மனத்தைப் பிடிக்கிறது என்று இன்று கேட்டாலும், கிடைக்கும் விடை பெரும்பாலும் அவருடையதுதான்.

அவர் வாசிப்பின் சாரம் இது. 2,850 டாலர் விலையில், பெட்டிபோன்ற எளிய தோற்றத்தில் வந்த 2002, தன்னைவிடப் பெரிய, விலைகூடிய கார்களைச் சாலையில் வென்றது. அதை வாங்கியவர் பகட்டை ஒதுக்கிச் சாரத்தைத் தேர்ந்தவர். அருமை தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும். கட்டுரையின் தலைப்பே வாசகர்களைத் துதிப்பாடல் நூலைத் திறக்கச் சொல்கிறது. தொனியிலும் ஒரு சபைக்குள் ஆள் சேர்க்கும் உற்சாகம் இருக்கிறது. ஈர்ப்பின் ஊற்று மீறல் என்பதே டேவிஸின் முடிபு. கீழே இருப்பது மேலே இருப்பதை வீழ்த்துகிறது.

டேவிஸின் ரசனையிலோ நேர்மையிலோ எனக்கு ஐயமில்லை. அந்தக் காரை ஓட்டியபோது அவர் உணர்ந்தது உண்மை. ஆனால் உணர்ந்ததற்கு அவர் காட்டும் காரணம் தவறு. அவர் 2002-ஐத் தனித்து எடுத்துப் பார்க்கிறார், அதுவும் அமெரிக்கக் கார்களுக்கு எதிரே நிறுத்தி. மியூனிக்கில் அது பிறந்த வீட்டில் வைத்துப் பார்த்தால் காட்சி வேறு.

1961-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வெளியான நான்கு கதவு 1500 செடானில் தொடங்குவோம். அலெக்ஸ் ஃபான் பால்கன்ஹாசன் வடிவமைத்த, பின்னாளில் இரண்டு லிட்டர்வரை பெருக்க இடம் வைத்த எஞ்சின். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். முன்னே டிஸ்க் பிரேக். 1966-இல் இதைச் சுருக்கி இரண்டு கதவு 1600-2 வந்தது. வீல்பேஸ் 2,550 மில்லிமீட்டரிலிருந்து 2,500 ஆனது. நீளம் சுமார் 27 சென்டிமீட்டர் குறைந்தது. பின்கதவுகள் போயின. உள்ளலங்காரம் எளிமையானது. போகாமல் நின்றவற்றைப் பார்க்க வேண்டும்: அதே எஞ்சின் குடும்பம், அதே தனிச் சஸ்பென்ஷன், அதே டிஸ்க் பிரேக். அதே காலத்து ஃபோர்டு கார்ட்டினா பின்னால் ஒரே இரும்பு ஆக்சிலும் பட்டை வில்லுமாக ஓடிக்கொண்டிருந்தது. விலையைக் குறைக்க வேண்டிய நிறுவனம் கைவைத்திருக்கக்கூடிய முதல் இடம் அதுதான். பிஎம்டபிள்யூ அங்கே கைவைக்கவில்லை.

2002-இன் எஞ்சினும் புதிதன்று. 1,990 சிசி, 100 குதிரைத்திறன் என்ற அதே அளவில் 1966-லேயே நான்கு கதவு 2000 செடானில் அது இருந்தது. பால்கன்ஹாசனும் அதே நிறுவனத்தின் ஹெல்முட் வெர்னர் போன்ஷும் ஒருவருக்கொருவர் தெரியாமலே தத்தம் 1600-2 காரில் இந்த எஞ்சினைப் பொருத்திக்கொண்டனர் என்றும், இரண்டு கார்களும் பணிமனையில் சந்தித்துக்கொண்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது என்றும் ஒரு கதை உண்டு. நினைவிலிருந்து சொல்லப்பட்ட கதை என்பதால் அதற்கு நாள் குறிக்க நான் முயலவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. அமெரிக்க இறக்குமதியாளர் மேக்ஸ் ஹாஃப்மன் வேகமான மாதிரி கேட்டார். இரட்டைக் கார்புரேட்டர் பூட்டிய 1600 டிஐ அமெரிக்காவின் புதிய புகை விதிகளுக்கு உட்படவில்லை. ஒற்றைக் கார்புரேட்டர் கொண்ட இரண்டு லிட்டர் எஞ்சின் உட்பட்டது. டேவிஸ் கலகக்காரனாகக் கண்ட கார், மூத்த காரின் எஞ்சினை வாங்கிக்கொண்டு சட்டத்துக்குப் பணிந்து பிறந்த பிள்ளை.

டேவிஸின் பக்கம் ஒரு வலுவான சான்று உண்டு. 1973-இல் வந்த 2002 டர்போவின் முன்புறத் தடுப்பில் அதன் பெயர் கண்ணாடி எழுத்தில், இடவலம் மாறி எழுதப்பட்டிருந்தது. முன்னே போகிறவர் தன் கண்ணாடியில் படித்து வழிவிட வேண்டும் என்பது நோக்கம். மீறல் என்பதற்கு இதைவிடத் தெளிவான பொறிப்பு வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் நெருக்கடி வந்தது, கண்டனம் எழுந்தது, எழுத்து நீக்கப்பட்டது. கார் 1,672 மட்டுமே உருவாயிற்று. மொத்தம் எட்டரை இலட்சத்துக்கு மேல் உருவான ஒரு குடும்பத்தின் ஈர்ப்பை இந்தச் சிறுபான்மையைக் கொண்டு விளக்குவது சரியாகாது.

நான் முன்வைக்கும் சான்று யாரும் பெரிதாகப் பேசாத ஒரு மாதிரியின் டிக்கி மூடியில் இருக்கிறது. 1975 முதல் 1977 வரை விற்ற 1502. எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்திய சிக்கனக் கார். பெயரைப் படிப்பவர் 1,500 சிசி, இரண்டு கதவு என்று எடுத்துக்கொள்வார். எஞ்சினோ 1,573 சிசி, 1600-2-இல் இருந்த அதே எஞ்சின். அமுக்க விகிதத்தைக் குறைத்து, சாதாரணப் பெட்ரோலில் ஓடும்படி செய்து, 85 குதிரைத்திறனை 75 ஆக்கியிருந்தார்கள். உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லும் எண்ணைக் கார்களில் எங்கும் காணலாம். இது குறைத்துச் சொல்கிறது. வரிக்காகவும் அல்ல: ஜெர்மனியில் வாகன வரி எஞ்சினின் உண்மையான கொள்ளளவின் மேல் விழுந்ததே அன்றி, டிக்கியில் ஒட்டிய எண்ணின் மேல் விழவில்லை. அப்படியானால் அந்த எண் சாலையில் பார்ப்பவரிடம் மட்டுமே பேசியது. அது பேசியது தரவரிசை. 1981-இல் 315 வந்தபோது அதே 1,573 சிசி, அதே 75 குதிரைத்திறன், அதே 15. ஒருமுறை தற்செயல் எனலாம். இரண்டாம் முறை வழக்கம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 15 என்பது குறைந்த திறனைக் குறிக்கலாமே, படிநிலையை ஏன் குறிக்க வேண்டும்? பிஎம்டபிள்யூவை மட்டும் வைத்துப் பார்த்தால் இம்மறுப்பை என்னால் முழுதும் தள்ள முடியாது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து விடை கிடைக்கிறது. 1982 இறுதியில் மெர்சிடிஸ் தன் சிறிய செடானை வெளியிட்டது. 190 ஈ என்று பெயர், 1,997 சிசி எஞ்சின், 122 குதிரைத்திறன். அப்போது விற்பனையில் இருந்த பெரிய செடானான 200-க்கும் 1,997 சிசிதான், ஆனால் 109 குதிரைத்திறன். கொள்ளளவு சமம், திறன் சிறியதற்கே கூடுதல். இருந்தும் எண் சிறியதற்கே குறைவு. அந்தச் சிறிய காரின் பின்சக்கரங்களுக்கோ ஐந்து இணைப்புத் தண்டுகள் கொண்ட புதிய சஸ்பென்ஷன், பின்னாளில் பெரிய செடானுக்கும் போன அமைப்பு. எண் கீழே இறங்கியது, அடிக்கட்டுமானம் இறங்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் ஈர்ப்பு இருக்கிறது என்று கருதுகிறேன். வாங்குகிறவர் மேல்படியை வெல்ல விரும்பவில்லை. தான் நிற்பது கீழ்ப்படி என்பதை எண் ஊரறியச் சொல்லட்டும் என்று ஏற்றுக்கொள்கிறார். கண்ணுக்குத் தெரியாத பாகத்தில் தன்னை ஏய்க்கவில்லை என்ற உறுதி அவருக்குப் போதும். வளைவில் திரும்பும்போது அந்த உறுதி கைக்கு எட்டுகிறது. டேவிஸ் உணர்ந்ததும் இதையே. அதை அவர் வெற்றி என்று பெயரிட்டார், மரபுரிமை என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கியவர்களின் மனத்தைக் காட்டும் நேர்ச்சான்று என்னிடம் இல்லை, எண்களிலிருந்தும் இரும்பிலிருந்தும் ஊகிக்கிறேன். ஆயினும் மீறல் என்ற வாசிப்பால் 1502-ஐ விளக்கவே முடியாது. எவரையும் வெல்லாத அந்தக் கார், புதிய 3 சீரிஸ் வந்த பிறகும் ஈராண்டு அதன் பக்கத்திலேயே விற்றது.

இவ்வாசிப்புக்குக் கடினமான சோதனை அண்மைக் காலத்தது. செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலை 3 சீரிஸைப் பூட்டியது; 2020-இல் 2 சீரிஸ் கிரான் கூபேயும் அங்கே வந்தது. முன்னதற்குப் பின்சக்கர இயக்கம். பின்னது மினி கார்களோடு அடித்தளத்தைப் பங்கிடுவது, எஞ்சின் குறுக்காக அமைந்தது, முன்சக்கரத்தால் ஓடுவது. இங்கே மேலிருந்து கீழே இறங்கியது எண்ணும் சின்னமும்தான். அடிக்கட்டுமானம் வேறு குடும்பத்திலிருந்து வந்தது. இத்தகைய கார் விரும்பப்படுகிறது என்றால் அந்த விருப்பத்தை நான் சொல்லும் காரணத்தில் அடக்க இயலாது. அதை வேறொரு வகையாகப் பிரித்துப் பேசுவதே முறை.

இவ்வகைக் காரின் தொடக்க ஆண்டு குறித்த சிக்கல் தீரவில்லை. நான் 1966 என்று கொள்கிறேன், டேவிஸின் வழி நடப்போர் 1968 என்பர். ஆனால் ஆல்ஃபா ரோமியோ தன் 1900 செடானுக்குக் கீழே ஜூலியெட்டா செடானை 1955-லேயே இறக்கிவிட்டது, அதன் எஞ்சினுக்கும் மூத்ததைப் போலவே இரட்டை கேம்ஷாஃப்ட். மரபுரிமை என்ற என் அளவுகோலையே வைத்தால் அதைத் தள்ளுவது கடினம். அது மூத்த காரைச் சுருக்கிச் செய்ததன்று, புதிதாக வரைந்தது என்பதும், எண்ணுக்குப் பதில் பெயரைச் சூடியதால் படிநிலையை அதில் படிக்க இயலாது என்பதும் என் தயக்கத்துக்குக் காரணங்கள். அவை போதுமானவை அல்ல என்று ஒருவர் வாதிட்டால், பதினோரு ஆண்டுகள் பின்னோக்கிப் போக நான் ஆயத்தம்.