கரை ஒதுங்கிய காசுகள்

புயலடித்து ஓய்ந்தபின், அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கிழக்குக் கரையில் பழைய ஸ்பானியக் காசுகள் ஒதுங்குவதுண்டு. 1715-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஹவானாவினின்று தாயகம் நோக்கிப் புறப்பட்ட கப்பல்களுள் 11 அங்கே சூறாவளியிற் சிக்கி உடைந்தன; ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர்.

கிப் வாக்னர் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர், தாம் கண்டெடுத்த காசுகளுள் ஒன்றேனும் 1715-க்குப் பிற்பட்டதன்று என்பதைக் கருத்திற் கொண்டார். 1950-களில், படையினர் கழித்த கண்ணிவெடி காட்டும் கருவியொன்றை வாங்கிக் கரையோர மேடுகளைத் துழாவினார். கருவி ஒலித்த இடத்தில் கப்பல் ஆணிகளும் பீரங்கிக் குண்டும் வெளிப்பட்டன. அதுவே உயிர் தப்பியோர் தங்கிய பாசறை!

காசை மட்டும் பொறுக்கிச் செல்வோர்க்கு வெள்ளி கிட்டும். அதன் ஆண்டையும் கிடந்த இடத்தையும் குறித்து வைப்போராலேயே மாண்டோர் வரலாறு நமக்குக் கிட்டுகின்றது. இடம் குறியாது பெயர்த்தெடுத்த காசு ஊமையே அன்றோ?