முதுமையும் மூளையும்: 'அறளை' என்று ஒதுக்கிவிடலாமா?

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வயது முதிர்ந்த ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, பேரப்பிள்ளையின் பெயரை மாற்றி அழைத்தாலோ, 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று கூறுவது நெடுநாளைய வழக்கமாகும். வயது போனால் மூளை தேயும், அதற்கு மருந்தில்லை என்ற எண்ணமே அச்சொல்லின் அடிப்படை. அவ்வெண்ணத்தில் ஒரு பாதி உண்மை. மறுபாதியோ, முதியவர்கள் பலருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையைக் கிடைக்காமற் செய்து வருகின்றது.

மனித உடலமைப்பைத் தமிழில் கற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியை ஆரம்பித்து, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். ஆயினும் அக்காலத்தில் இறந்தோரின் மூளையை அறுத்தே ஆராய முடிந்தது. உயிரோடிருப்பவரின் மூளை ஆண்டுக்காண்டு எவ்வாறு மாறுகின்றது என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கான் வந்த பின்னரே விரிவாக அறிய முடிந்தது.

அம்மாற்றம் கருவிலேயே தொடங்குகின்றது. 14 முதல் 24 வாரங்கள் வரையான கருக்களின் மூளையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய வெட்டுமுகங்களாகப் படம்பிடித்து, சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் உலகுக்கு வழங்கியது. பிறப்பின் பின்னரான பாதையை, 2022இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டுகின்றது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரின் 1,23,984 ஸ்கான்களைத் திரட்டிய அவ்வாய்வின்படி, நரம்புக்கலங்களின் உடல்கள் செறிந்துள்ள நரைநிறப் பகுதியின் கனவளவு 6 வயதளவிலேயே உச்சத்தை அடைகின்றது. கலங்களை ஒன்றோடொன்று தொடுக்கும் வெண்ணிறப் பகுதி 29 வயதளவு வரை வளர்கின்றது. அதன் பின் இரண்டும் மெதுவாகக் குறைய, மூளையினுள் உள்ள பாய்பொருள் நிரம்பிய அறைகள் விரிவடைகின்றன.

இக்குறைவு அச்சப்படத்தக்க வேகத்தில் நிகழ்வதில்லை. 35 வயதின் பின் மூளையின் கனவளவு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 0.2 சதவீதமும், 60 வயதளவில் 0.5 சதவீதமும் குறைவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. முதுமையில் நரம்புக்கலங்கள் பெருமளவில் மடிகின்றன என்ற பழைய கருத்தும் கைவிடப்பட்டுவிட்டது. 20 வயது முதல் 90 வயது வரையான காலத்தில் மூளையின் மேற்பட்டை சுமார் 10 சதவீதக் கலங்களையே இழப்பதாக டென்மார்க் ஆய்வாளர்கள் 1997இல் கண்டறிந்தனர். கலங்கள் சுருங்குவதும் அவற்றின் கிளைகளும் இணைப்புகளும் குறைவதுமே இயல்பான முதுமையின் முக்கிய மாற்றங்களாகும். இதனால் ஒரு பெயரை நினைவுகூரச் சற்று நேரம் எடுக்கலாம். இரு வேலைகளை ஒருங்கே செய்வது கடினமாகலாம். ஆனால், சொல்வளமும் வாழ்க்கை அனுபவத்தால் வந்த தீர்ப்பும் நெடுங்காலம் நிலைத்திருக்கும்.

நோய் என்பது இதனின்றும் வேறானது. 1906இல் ஜேர்மன் மருத்துவர் அல்ஸைமர் விவரித்த, பின்னர் அவரது பெயராலேயே அழைக்கப்பட்ட நோயில், அமிலோயிட், டவ் ஆகிய இரு புரதங்கள் மூளையிற் சேர்கின்றன. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகம்பஸ் பகுதியும் அதன் அயற்பகுதியும் முதலில் பாதிக்கப்படுகின்றன. சிறுவயதில் மனனம் செய்த தேவாரத்தையோ குர்ஆன் சூராவையோ வழுவின்றி ஓதும் ஒருவர், காலையில் உண்டதை மறந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. பிறந்து வளர்ந்த ஊரின் ஒழுங்கையில் வழி தவறுவதும், நாள்தோறும் செய்த சமையலின் ஒழுங்கை மறப்பதும், பொருளை எங்கோ வைத்துவிட்டுப் பிறரைக் கள்வர் என்பதும் வயதின் இயல்பல்ல. அவை மருத்துவரைக் காண வேண்டிய அறிகுறிகளாகும்.

மேலும், மறதியாகத் தோன்றுவதெல்லாம் தீராத நோயுமன்று. தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு, சிறுநீர்த் தொற்று என்பனவும் முதியவரைத் தடுமாறச் செய்யும். விழுந்து தலையில் அடிபட்ட முதியவருக்குச் சில வாரங்கள் கழித்து மண்டையோட்டினுள் குருதி தேங்கி, அதுவே குழப்பமாக வெளிப்படலாம். இவற்றுட் பல சிகிச்சையால் சீராகக்கூடியவை. 'அறளை' என்று வீட்டிலேயே தீர்ப்பளித்துவிட்டால் அவ்வாய்ப்பு இழக்கப்படுகின்றது.

குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்விடயம் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் இடம்பெயர்ந்த தமிழர்களும் அன்று உழைக்கும் வயதினர். இன்று முதுமையை எட்டியவர்கள். கடும் உளநெருக்கீட்டால் பாதிக்கப்பட்டோருக்கு மறதிநோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என அமெரிக்காவின் முன்னாள் படையினரிடையே நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனை எமது மக்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாதெனினும் அலட்சியம் செய்யவும் இயலாது. இதனோடு, பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ, பெரிய வீடுகளில் தனித்திருக்கும் பெற்றோரின் நிலையையும் சேர்த்து நோக்க வேண்டும். தொலைபேசியில் 'நல்ல சுகம்' என்று கூறும் தாயின் மறதியைக் கடல் கடந்த பிள்ளையால் கண்டுகொள்ள முடிவதில்லை.

தடுப்பதற்கும் வழியுண்டு. உலகளவில் மறதிநோயின் 45 சதவீதத்தை, 14 காரணிகளைச் சீர்செய்வதன் மூலம் தடுக்கவோ தாமதப்படுத்தவோ முடியுமென 'லான்செட்' ஆணைக்குழு 2024இல் மதிப்பிட்டது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், மிகையான மது, உடலுழைப்பின்மை, செவிப்புலன் மற்றும் பார்வைக் குறைபாடு, தனிமை என்பன அவற்றுட் சில. குருதி அமுக்கத்தை நடுவயதிலேயே கட்டுப்படுத்துவதும், காது மந்தமானவருக்குக் கேட்கும் கருவி பெற்றுக்கொடுப்பதும், மாலையில் நடந்துவர ஒரு துணையை ஏற்படுத்துவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளுக்கும் முதியவரை அழைத்துச் செல்லக் குடும்பத்தினர் தயங்கலாகாது. ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதமொரு முறை குருதி அமுக்கம், கண், காதுப் பரிசோதனைகளுக்கு ஒழுங்கு செய்யுமாயின், வீட்டுக்குள் முடங்கியிருக்கும் பலர் வெளியே வருவர். மூளை முதுமையடைவதை எவராலும் தடுக்க முடியாது. ஆனால், நோயுற்ற மூளையை முதுமை என்று கருதிக் கைவிடாதிருப்பது எம் எல்லோராலும் முடியும்.