ஊசி மருந்தும் ஒரு பல்கலைக்கழகமும்



எங்கடை சனத்திலை சீனி வருத்தம் இல்லாத குடும்பம் குறைவு. "ஊசியிலை விட்டிட்டினம், இனி அவ்வளவுதான்" என்று பெருமூச்சு விடுகிறவர்களை ஒன்றுகூடல்களில் நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். நானும் தினமும் இன்சுலின் போடுகிறவன்தான். அந்த ஊசியின் கதை, எமக்குத் தஞ்சம் தந்த இந்த டென்மார்க்கோடு பின்னிப் பிணைந்தது.

இன்சுலின் வருமுன், சிறுவயதில் இந்த வருத்தம் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினிதான் வைத்தியம், சாவுதான் முடிவு. 1921 இல் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு, காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

1922 இல், கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓகஸ்ட் குறோக் விரிவுரை ஆற்ற அமெரிக்கா போனார். 1920 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். கூடப்போன மனைவி மரீ ஒரு வைத்தியர், அவவுக்கும் நீரிழிவு. அவவின் தூண்டுதலால் ரொறன்ரோ சென்ற குறோக், ஸ்கண்டிநேவிய நாடுகளில் இன்சுலின் தயாரிக்க அனுமதியோடு திரும்பினார். வைத்தியர் ஹகடோர்னோடு சேர்ந்து, அந்த டிசம்பரிலேயே மாட்டின் கணையத்திலிருந்து அதை எடுத்துவிட்டார். 1923 மார்ச்சில் நோயாளர்களுக்கு ஊசி போட்டாச்சு. நொர்டிஸ்க் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். மாடும் பன்றியும் நிறைய வளர்க்கும் நாடு. இறைச்சிக்கு வெட்டும் இடத்தில் மிஞ்சிய கணையம் மருந்தாகியது.

அங்கே வேலை செய்த பீடர்சன் சகோதரர்கள் பிரிந்து போய், 1925 இல் நொவோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். போட்டியால் நோயாளிக்கு நன்மையே. 1936 இல் ஹகடோர்ன் கூடிய நேரம் வேலை செய்யும் இன்சுலினைத் தந்தார். 1982 இல் நொவோ, பன்றி இன்சுலினை மாற்றி மனித இன்சுலினாக விற்றது. 1989 இல் இரண்டும் இணைந்து நொவோ நொர்டிஸ்க் ஆகின.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. கொம்பனியைக் கட்டுப்படுத்துவது ஒரு நிதியம். இலாபத்தின் ஒரு பங்கு அதனூடாகப் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கே திரும்பிப் போகிறது. அறிவிலிருந்து மருந்து, மருந்திலிருந்து பணம், பணத்திலிருந்து மறுபடியும் அறிவு.

ஆகவே பெற்றோரே, பிள்ளை இரசாயனமோ மருந்தியலோ படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதேங்கோ. வருத்தம் உள்ளவர்களே, ஊசிக்குப் பயப்படாதேங்கோ. அது முடிவல்ல, 1923 இலிருந்து இந்த மண்ணில் பலருக்குக் கிடைத்த மறுவாழ்வு.