ஈரம் நீங்கிய உணவு: காக்ராவின் வரலாறு

விருந்தினர் வந்து அமர்ந்ததும் தட்டில் வைத்து வழங்கப்படும் நொறுக்குத் தீனிகளுள் காக்ராவுக்கு இன்று தனியிடம் உண்டு. கோதுமை மாவுடன் சீரகம், ஓமம், மிளகாய்த்தூள், மஞ்சள், பெருங்காயம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, தாளினும் சற்றே தடித்ததாகத் தேய்த்து, ஈரம் முற்றும் நீங்கும்வரை கல்லில் அழுத்திச் சுட்டெடுத்த வட்டமே காக்ரா. குஜராத்திலும் இராஜஸ்தானிலும் இல்லந்தோறும் விளங்கிய இப்பண்டம், அம்மாநிலத்துச் சமணக் குடும்பங்களுடன் சென்னைக்கும் வந்தது. இன்று சௌகார்பேட்டையின் கடைகளில் எல்லாச் சமயத்தாரும் அதை விரும்பி வாங்குகின்றனர். அவர்களுக்கு அது எண்ணெயில் பொரிக்காத, காரமான ஒரு சிற்றுண்டி.

சமண இல்லத்தாருக்கோ அதன் மொறுமொறுப்பு சுவை மட்டுமன்று. ஈரம் தங்கிய உணவில் நுண்ணுயிர்கள் தோன்றும். உயிர் தோன்றிய உணவை உண்ணலாகாது என்னும் கொல்லாமை அறம் அந்த மொறுமொறுப்பில் அடங்கியிருக்கிறது. காக்ராவின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் அவ்வறத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் அணகிலவாடப் பாட்டணத்தில் சோலங்கி மன்னன் குமாரபாலன் ஆட்சி செய்தான். அவனது வேண்டுகோளுக்கிணங்கி ஆசாரியர் ஹேமசந்திரர் இயற்றிய நூல் யோகசாஸ்திரம். இல்லறத்தார் விலக்க வேண்டிய உணவுகளை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. இரவுணவும் கிழங்கு வகைகளும் அவ்வரிசையில் உண்டு. காய்ச்சாத பால், தயிர் முதலியவற்றோடு கலந்த பருப்பு வகை, இரண்டு நாள் கடந்த தயிர், கெட்டுப்போன உணவு ஆகியனவும் உண்டு. இவற்றோடு ‘பூத்த சோறும்’ விலக்கப்படுகிறது. பழஞ்சோற்றின் மேல் படரும் வெண்படலத்தை வடமொழி ‘பூத்தது’ என்று குறிப்பதும், நாம் ‘பூசணம் பூத்தது’ என்று சொல்வதும் ஒப்புநோக்கத்தக்கன. இரு மொழியினரும் அங்கே ஓர் உயிரின் மலர்ச்சியைக் கண்டனர். சமண அறம் அதைக் கண்டதோடு நில்லாமல், அவ்வுயிருக்கு ஊறு நேராதிருக்க வழியும் வகுத்தது.

தெற்கே வழங்கிய திகம்பர மரபும் இதே நோக்குடையது. காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ள பொருள்களை விலக்கச் சொல்கிறது. முள்ளங்கி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியவற்றோடு ஈர இஞ்சியும் அங்கே இடம்பெறுகிறது. இந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. பச்சை இஞ்சியைத் தொடாத சமண இல்லங்களில் சுக்கு தாராளமாகப் புழங்குவதை நாம் அறிவோம். பசுமஞ்சளை விலக்குவோர் உலர்ந்த மஞ்சள்தூளைக் கொள்வதும் அவ்வாறே. ஈரமும் உலர்வும் இவ்வொழுக்கத்தில் எத்துணை இன்றியமையாதன என்பதற்கு இவையே சான்று.

இந்நெறியை நாள்தோறும் கைக்கொள்ளும் சமையற்கட்டில் ஓர் எளிய இடர்ப்பாடு எழுகிறது. சுட்ட சப்பாத்தியில் ஈரம் உண்டு. இரவு கடந்தால் அது ‘வாசி’, அதாவது பழைய உணவு, ஆகிவிடும், மறுநாள் உண்ணலாகாது. உணவை வீணாக்குவதும் அறமன்று. இவ்விரண்டுக்கும் இடையே குஜராத்தி இல்லத்தரசியர் கண்ட வழி, மிஞ்சிய சப்பாத்தியை அன்றே மீண்டும் கல்லிலிட்டு, ஈரம் வற்றும்வரை வாட்டி எடுப்பது. மிச்சத்தைக் காக்கும் இவ்வழக்கத்தோடு, காக்ராவுக்கென்றே மாவு பிசையும் கலையும் வளர்ந்தது.

அதன் செய்முறை பொறுமையைக் கேட்பது. மாவில் சிறிதளவு எண்ணெயும் உப்பும் மசாலாவும் பிசறி, நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைவர். சிறு உருண்டைகளாக்கி, இயன்ற அளவு மெல்லியதாகத் தேய்ப்பர். முதலில் இருபுறமும் அரைப்பதமாகச் சுட்டு அடுக்கி வைப்பர். பின்னர் ஒவ்வொன்றையும் சிறு தீயில் கல்லிலிட்டு, துணி சுற்றிய மரக்கட்டையால் அழுத்தி அழுத்தித் திருப்புவர். உப்பும் இடம் உடனே அமுக்கப்படும். உப்பினால் அங்கே ஈரம் சிக்கிக்கொள்ளும். தீ மிகுந்தால் மேற்புறம் கருகும், உள்ளே ஈரம் நிற்கும். இளம் பழுப்புப் புள்ளிகள் பரவி, தகடு போல் விறைத்த பிறகே கல்லிலிருந்து எடுப்பர். ஆறியபின் உடைத்தால் ஓசையுடன் முறிய வேண்டும். வளைந்தால் வேலை முடியவில்லை என்பது பொருள். அப்பளமும் உலர்ந்த வட்டமே எனினும், அது வேகாத மாவை வெயிலில் உலர்த்தியது, உண்ணும்போதுதான் சுடப்படும். காக்ராவோ முழுதும் வெந்து, நெருப்பினாலேயே உலர்ந்தது.

இவ்வாறு உலர்ந்த பண்டத்துக்கும் சுவேதாம்பர மரபு கால எல்லை வகுத்திருக்கிறது. கார்த்திகைப் பௌர்ணமி முதல் பங்குனிச் சௌமாசி வரையுள்ள குளிர்காலத்தில் 30 நாள். அதன்பின் ஆடிச் சௌமாசி வரையுள்ள கோடையில் 20 நாள். மழைக்கால நான்கு மாதங்களில் 15 நாள். காற்றின் ஈரம் மிகுந்தால் எல்லை சுருங்கும். இவ்வெல்லைக்குள்ளேயே நிறமோ, மணமோ, சுவையோ, தொடுபதமோ மாறிவிட்டால் அது ‘சலித ரசம்’, அதாவது சுவை திரிந்த உணவு, ஆகிவிடும். நாள் மிச்சமிருந்தும் விலக்க வேண்டும். நுண்ணோக்காடி இல்லாத காலத்தில் கண்ணையும் மூக்கையும் நாவையும் விரலையும் கருவிகளாகக் கொண்டு எழுந்த விதி இது.

காக்ராவின் காரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஹேமசந்திரர் காலத்துக் குஜராத்தில் மிளகாய் கிடையாது. மிளகும் சுக்குமே அக்காலக் காரங்கள். 17ஆம் நூற்றாண்டில் சூரத்தில் பெருவணிகராக விளங்கிய வீர்ஜி வோரா என்னும் சமணர் மிளகு வாணிகத்தில் புகழ்பெற்றவர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பதிவுகளில் அவர் பெயர் பலகால் இடம்பெறுகிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. இன்று நாம் மசாலா காக்ரா என்று அழைக்கும் செந்நிற வட்டம் அதன் பின்னரே உருப்பெற்றிருக்க முடியும். பூண்டும் வெங்காயமும் இல்லாத குறையைப் பெருங்காயம் நிரப்பியது. மேலே நெய் தடவி, சீரகம் மிகுந்த ‘ஜீராளு’ பொடியைத் தூவி உண்பது குஜராத்திகளின் காலைப் பழக்கம்.

எனினும் மசாலா என்றும் ஒருபடித்தானதன்று. வெந்தயக்கீரை சேர்த்த மேத்தி காக்ரா பலருக்கும் பிடித்தமானது. ஆனால் அட்டமி, சதுர்த்தசி முதலிய திதிகளில் பச்சை உணவை விலக்குவோர் வெறும் சீரகக் காக்ராவையே கொள்வர். ஆண்டுக்கு இருமுறை, சித்திரையிலும் ஆசுவினத்திலும் ஒன்பது நாள் நடைபெறும் ஓளி நோன்பில் ஆயம்பில் இருப்போர், எண்ணெய், நெய், பால், தயிர், சர்க்கரை ஆகியன நீக்கி ஒருவேளை மட்டும் உண்பர். அவர்களுக்கான காக்ரா எண்ணெயும் மிளகாயும் அற்றது. ஒரே பண்டம் விருந்துக்குக் காரமாகவும் நோன்புக்கு வெறுமையாகவும் உருமாறி நிற்பது வேறெங்கும் அரிது.

நெடுவழி செல்வோருக்கும் அது துணையாயிற்று. கெடாது, கனக்காது, வழியில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, அயலார் சமையலை நாடவும் வேண்டியதில்லை. யாத்திரைக்கும் வாணிகத்துக்கும் புறப்படுவோரின் மூட்டையில் அது இடம்பெற்றதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

இல்லத்துக்குள் இருந்த பண்டம் சந்தைக்கு வந்த காலத்தையும் குறிப்பிட வேண்டும். 1959 மார்ச் 15 அன்று பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளத் தொழிலைத் தொடங்கினர். லிஜ்ஜத் என்னும் பெயரில் பெருங்கூட்டுறவாக வளர்ந்த அவ்வமைப்பு 1974இல் காக்ரா தயாரிப்பையும் மேற்கொண்டது. குஜராத்தின் ஊர்களிலும் பெண்கள் நடத்தும் சிறு தொழிலாகக் காக்ரா பரவியது. அடுப்படித் திறமை குடும்ப வருவாயாக மாறியது பெருமைக்குரியதே. பிறகு எந்திரங்கள் வந்தன. காற்றுப்புகாத உறைகள் வந்தன. நாவுக்குப் புதுமை தேடிப் பாவ் பாஜி, சீஸ், பெரிபெரி என்று சுவைகள் பெருகின. உள்ளங்கையில் அடங்கும் சிறு காக்ராக்கள் விருந்துகளுக்கென்றே விற்கப்படுகின்றன.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டியிருக்கிறது. உறையின் மேலுள்ள பச்சைப் புள்ளி, புலாலும் முட்டையும் இல்லை என்பதை மட்டுமே உறுதி செய்யும். பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் சேர்ந்த உணவுக்கும் அப்புள்ளி உண்டு. மாதக்கணக்கில் நீளும் உறையின் காலக்கெடு வாணிகத்தின் கணக்கு. 30, 20, 15 என்பது விரதத்தின் கணக்கு. விருந்துத் தட்டில் காக்ராவின் மேல் கடலைமாவுச் சேவும் காய்ச்சாத தயிரும் சேர்த்துப் பரிமாறினால், யோகசாஸ்திரம் விலக்கிய ‘துவிதளம்’ ஆகிவிடும். மாலை விருந்து கதிரவன் மறைந்தபின் தொடங்குமாயின், எத்துணைத் தூய்மையான காக்ராவும் இரவுணவே.

சென்னை வாழ் சமணர் சிந்திக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. மேற்சொன்ன பருவக் கணக்கு குஜராத்தின் வானிலைக்குப் பொருந்துவது; அங்கே கார்த்திகைப் பௌர்ணமிக்கு முன்பே மழை ஓய்ந்துவிடும். சோழமண்டலக் கரையிலோ ஐப்பசியும் கார்த்திகையுமே அடைமழைக் காலம். நாட்காட்டி 30 நாள் அளிக்கும் வேளையில் நம் சமையலறைச் சுவரில் ஈரம் கசிகிறது. காலையில் முறிந்த காக்ரா மாலையில் வளைகிறது. விதியின் எழுத்தை மட்டும் நோக்குவோர் 30 நாள் என்று வாளாவிருப்பர். அதன் உட்கருத்தை உணர்ந்தோர், தொடுபதம் மாறினால் விலக்குக என்னும் பகுதியை அப்போது முன்னிறுத்துவர். குறைவாகச் செய்து விரைவில் உண்பர். முன்னோர் நாட்கணக்கோடு இப்புலனறிவையும் சேர்த்தே நமக்கு விட்டுச் சென்றனர்.

நம் இல்லங்களில் செய்த நாளைக் காக்ரா டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவைக்கும் மூதாட்டியர் இன்னும் இருக்கின்றனர். இளையோர் அதைச் சிக்கனம் என்றோ பழமை என்றோ எண்ணக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத உயிர்களுக்கும் அஞ்சி நடக்கும் பெருநெறியின் ஒரு வரி அந்தச் சிறு சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. பர்யூஷண நோன்பு முடிந்து பாரணை விருந்துக்குக் காக்ரா சுடும்போது, மசாலாவின் அளவைச் சொல்லிக்கொடுப்பதோடு அச்சீட்டை எழுதும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.